சிறையிருந்தோர் கதை வகுப்பறைக்கு ஆகாதா?

சிறைச்சாலையைக் களமாகக் கொண்ட கதைகள் பள்ளி மாணவர்க்கு ஏற்றவையல்ல என்று கருதுவோர் தமிழாசிரியரிடையே பலர் உளர். பள்ளி நூலகத்திற்கு நூல் தேர்ந்தெடுக்கும்போதும், சிறுகதைப் போட்டிக்கு நடுவராக அமரும்போதும் இக்கருத்துத் தலைதூக்குகிறது. "குற்றவாளியைக் கதைத் தலைவனாக்கலாமா? குற்றம் புரிந்தவனின் நட்பும் நம்பிக்கையும் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று அவர்கள் வினவுகின்றனர். வினா நல்லெண்ணத்தில் பிறந்ததே என்பதில் ஐயமில்லை. ஆயினும், இக்கருத்துத் தமிழிலக்கிய மரபையும் மறந்தது; பேராக் மாநிலத் தமிழர் வாழ்ந்த வாழ்வையும் மறந்தது. ஆதலின் இதனை மறுத்துரைப்பது கடமையாகிறது.

காப்பியங்கள் காட்டும் சிறை

முதலில் இலக்கியத்தைக் காண்போர் அறிவது யாது? கம்பராமாயணத்தின் சுந்தர காண்டத்தை விரும்பிக் கற்பிக்காத தமிழாசிரியர் இல்லை. அக்காண்டத்தின் நெஞ்சமாக விளங்குவது எது? அசோக வனத்தில் சிறைப்பட்ட ஒரு பெண்ணின் நிலையன்றோ! இராமாயணமே சிறையிருந்தவளின் ஏற்றத்தைச் சொல்ல எழுந்தது என்று வைணவப் பெரியார் பிள்ளை லோகாசாரியர் கூறினார். காட்சிப் படலத்தில் அரக்கியர் சூழ்ந்திருக்கும் அந்த இடத்தில் சீதைக்கு ஒரே துணையாக நிற்பவள் திரிசடை. அவள் வீடணன் மகள், பகைவர் குலத்தவள், காவல் புரிவோருள் ஒருத்தி. சீதை தன் இடக்கண் துடிப்பதை அவளிடம் கூறுகிறாள். அவளோ தான் கண்ட கனவை எடுத்துரைத்து நம்பிக்கையூட்டுகிறாள். பின்னர், உயிர்விடத் துணிந்த நேரத்தில் அனுமன் தோன்றிக் கணையாழியைக் காட்டுகிறான். தன்னைத் தேடி ஒருவர் வருகிறார் என்ற செய்தி அவளை உயிருடன் நிறுத்துகிறது. அவள் திருப்பி அனுப்பும் சூடாமணி, தான் இன்னும் தானாகவே இருப்பதன் சான்றாகிறது. நட்பு, நம்பிக்கை, தன்னடையாளம் ஆகிய மூன்றும் அங்கே முழுமையாக உள்ளன. சிறைக்கதை வேண்டாம் என்னும் ஆசிரியர், ஆண்டுதோறும் சிறைக்கதையையே கற்பித்து வருகிறார்.

மணிமேகலைக்கு வருவோர் இதனினும் வியப்பர். அக்காப்பியத்தின் 30 காதைகளுள் 3 காதைகள் சிறையின் பெயரையே தாங்குகின்றன. அமுதசுரபியுடன் சிறைக்கோட்டம் புகுந்து பசித்தோர்க்கு உணவளித்த மணிமேகலை, வேண்டுவது யாது என்று மன்னன் கேட்டபோது பொன்னும் கேட்கவில்லை, பொருளும் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தருக என்றே கேட்டாள். மன்னனும் இசைந்தான். உள்ளே இருப்போர் செய்த குற்றம் என்ன என்று அவள் விசாரித்துச் சோறிட்டதாகச் சாத்தனார் பாடவில்லை. அவர்களுடைய பசியை மட்டுமே அவள் பார்த்தாள். பின்னர் அவளே சிறைப்படுகிறாள் என்பதும் நினைவில் நிறுத்தத் தக்கது.

புறநானூற்றின் 74ஆம் பாட்டோ சிறையுள் பிறந்த பாட்டு. சோழனிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்தில் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, தண்ணீர் கேட்டும் உரிய நேரத்தில் பெறவில்லை. காலந்தாழ்த்திக் கிடைத்த நீரைப் பருகாமலே உயிர்நீத்தான் என்று அப்பாட்டின் கீழுள்ள பழங்குறிப்புக் கூறுகிறது. நாடும் படையும் போன பின்னும் ஒருவனிடம் எஞ்சி நிற்பது என்ன என்னும் வினாவுக்குத் தமிழ் அளித்த தொன்மையான விடைகளுள் அதுவும் ஒன்று.

பேராக் மண்ணின் நினைவு

இலக்கியம் அப்படியிருக்க, இந்த மாநிலம் எப்படி? பேராக் மாநிலத்தின் தைப்பிங் சிறை 1879இல் எழுந்தது. கிந்தா மாவட்டத்தில் பத்து காஜா சிறை உள்ளது. தைப்பிங்கை அடுத்த கமுந்திங்கில் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டோரின் முகாம் நெடுங்காலம் இயங்கியது. 1960இல் இயற்றப்பட்டு 2012இல் நீக்கப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2007 டிசம்பரில் இண்ட்ராப் இயக்கத் தலைவர் ஐவரும் அங்கேயே அடைக்கப்பட்டனர். ஈப்போவிலிருந்து வடக்கே செல்லும் எவரும் சிறையின் அருகே செல்லாமல் தைப்பிங் ஏரிப் பூங்காவைக் காண இயலாது.

ஈப்போவில் மருத்துவம் பார்த்த தமிழர் ஒருவரின் மனைவி சிபில் கார்த்திகேசு. யுரேசியரான அவர் பயிற்சி பெற்ற செவிலியர். 1941இன் இறுதியில் அக்குடும்பம் பாப்பான் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போரிட்டவர்களுக்கு அவர் இரகசியமாக மருத்துவம் செய்தார். வானொலியை மறைத்து வைத்துச் செய்தி கேட்டார். 1943இல் பிடிபட்டுக் கொடிய வதைக்கு ஆளானார். ஈப்போவிலும் பத்து காஜாவிலும் சிறையிருந்தார். தம் நோயாளிகளைக் காட்டிக்கொடுக்க அவர் இசையவில்லை. 1945இல் விடுதலை பெற்ற அவருக்குப் பிரிட்டன் ஜார்ஜ் பதக்கம் வழங்கியது. 1948இல் அவர் மறைந்தார். அவருடைய நினைவுநூல் 1954இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பாப்பானுக்கு அருகிலேயே வாழும் தமிழ் மாணவனுக்கு இக்கதையைச் சொல்லாமல் விடுவது எவ்வகை ஒழுக்கக் கல்வி?

தோட்டங்களின் கதையையும் நோக்குதல் வேண்டும். 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து அவசரகாலம் பிறந்தது. 1960 வரை அது நீடித்தது. அக்காலத்தில் தோட்ட மக்களின் லயங்கள் பல ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலியால் சூழப்பட்டன. உணவுப் பொருளும் கணக்கிட்டே வழங்கப்பட்டது. விடியுமுன் பெரட்டுக்கு வரிசையில் நின்று பெயர் கொடுத்த மக்கள், வேலி வாயிலிலும் சோதனைக்கு நின்றனர். குற்றம் ஏதும் புரியாத அம்மக்களுக்கும் வேலிக்குள் வாழ்வது புதிதன்று.

அதற்கும் முன்னர் நிகழ்ந்தது சயாம் இரயில் பாதை. 1942இலும் 1943இலும் 415 கிலோமீட்டர் நீளப் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் கூட்டங்கூட்டமாகக் கொண்டு செல்லப்பட்டனர். கூலியாட்கள் என்று பெயர். திரும்பி வரும் உரிமையோ இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் அப்பாதையை வைத்து ஒரு நாவல் எழுதினார். 1957இல் அது திரைப்படமாகி உலகெங்கும் ஓடியது. உலகம் அதன்வழி அறிந்துகொண்டது ஆங்கிலேயப் போர்க்கைதிகளின் மானத்தையே. இத்தனைக்கும் அவ்வெழுத்தாளர் போருக்கு முன் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பணியாற்றியவர். தமிழ்த் தொழிலாளியை அவர் அறியாதவரல்லர். அப்படியிருந்தும் அக்கதையின் நடுவே தமிழனுக்கு இடமில்லை. ஆர். சண்முகம் 1993இல் 'சயாம் மரண ரயில்' நாவலையும், அ. ரெங்கசாமி 2005இல் 'நினைவுச் சின்னம்' நாவலையும் தந்த பின்னரே, அங்கு மாண்ட தமிழர்க்குக் கதையிலேனும் முகமும் பெயரும் கிடைத்தன. பிறர் எழுதும் கதையில் தன் பெயரைத் தேடும் சமுதாயம் ஏமாந்தே போகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தடைகளும் விடைகளும்

சிறைக்கதை குற்றத்தைக் கற்பிக்கும் என்பது முதல் தடை. அத்தகைய நூல்களைப் படித்துப் பார்த்தவர் இதனைச் சொல்லார். குற்றம் நிகழ்வது கதை தொடங்குமுன். சிறைக்கதை பேசுவதோ அதற்குப் பின் நிகழ்வதை. மலையாள எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீரின் 'மதில்கள்' இதற்குத் தக்க சான்று. அரசுக்கு எதிராக எழுதியதற்காகச் சிறைப்பட்ட ஒருவன், உயர்ந்த மதிலுக்கு அப்பால் பெண்கள் சிறையிலிருந்து ஒரு குரலைக் கேட்கிறான். அவள் பெயர் நாராயணி. இருவரும் முகம் பார்த்ததில்லை. அவள் வந்துவிட்டாள் என்பதற்கு அடையாளம், மதிலுக்கு மேலே எழும்பும் ஒரு சுள்ளி. இருவரும் சந்திக்க நாள் குறிக்கின்றனர். அந்நாள் வருமுன் அவனுக்கு விடுதலை வருகிறது! எதற்காக ஏங்கினானோ அதுவே அப்போது அவனுக்குத் துன்பமாகிறது. இதைப் படிக்கும் மாணவன் எந்தக் குற்றத்தைக் கற்கப் போகிறான்? மனிதக் குரலின் அருமையைத்தான் கற்பான்.

குற்றவாளியைத் தலைவனாக்குவது தவறு என்பது இரண்டாம் தடை. இதில் ஓரளவு உண்மையுண்டு. அதனை மறுப்பது நேர்மையன்று. கத்தியையும் கும்பலையும் வீரமாகக் காட்டும் திரைப்படங்கள் இளைஞரைக் கெடுக்கின்றன. அவற்றைக் கண்டிப்பது ஆசிரியரின் கடமை. ஆனால் குற்றத்தைப் போற்றுவது வேறு. குற்றம் புரிந்தவனும் மனிதனே என்று காட்டுவது வேறு. ஜெயகாந்தனின் 'கைவிலங்கு' சிறையதிகாரி ஒருவரின் பரிவையும், அவர்முன் கைதியாய் நிற்கும் இளைஞனின் நெஞ்சையும் காட்டியது. 1969இல் 'காவல் தெய்வம்' என்னும் படமாகவும் வந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கத்தி எடுத்தவன் இல்லை. கண்ணீர் விட்டவரோ பலர். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' மற்றொரு சான்று. 1983இல் ஆந்திரத்தின் குண்டூரில், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு தாமும் நண்பர்களும் வதைக்கப்பட்டதையே அவர் நாவலாக்கினார். மொழி தெரியாத ஊரில் வேலை தேடிச் சென்ற ஏழை இளைஞர்கள், அடிக்கு அஞ்சி ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்திருக்கலாம். காட்டிக்கொடாமல் நின்றதே அந்நூலின் பெருமை. வெற்றிமாறன் அதனை 'விசாரணை' என்னும் படமாக்கினார். நட்பு என்னும் அதிகாரத்தை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர், அந்நட்பு சோதிக்கப்படும் இடத்தை மட்டும் மறைத்து வைப்பது எப்படிப் பொருந்தும்?

சமுதாயத்தின் மானம் போகும் என்பது மூன்றாம் தடை. உண்மையில் மற்ற இரண்டு தடைகளுக்கும் வேராக இருப்பது இதுவே. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, இரப்பர் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் நகரத்தின் ஓரங்களில் ஒதுங்கின. கோயிலும் பள்ளியும் உறவும் ஒருங்கே இருந்த இடத்தை இழந்த இளைஞர் சிலர் தவறான கூட்டத்தில் அகப்பட்டுச் சிறை சென்றனர். இதை அறியாத ஆசிரியர் எவர்? தந்தையோ தமையனோ சிறையிலிருக்கும் பிள்ளை, பேராக்கின் எந்த வகுப்பறையிலும் அமர்ந்திருக்கக்கூடும். "உன் அப்பா எங்கே வேலை செய்கிறார்?" என்ற கேள்விக்கு அப்பிள்ளை என்ன விடை கூறும்? "வெளியூரில்" என்று கூறித் தலைகுனியும். தன் வீட்டைப் பற்றி எந்தப் புத்தகமும் பேசுவதில்லை என்று கண்ட பிள்ளை, புத்தகமே தனக்கு உரியதன்று என்று முடிவு செய்துவிடும். தந்தைக்கு நீதிமன்றம் தண்டனை வழங்கியது. பிள்ளைக்குத் தண்டனை வழங்கியவர் யார்?

போலிக் கதைகள்

எழுத்தாளரையும் இங்கே கேள்வி கேட்டே ஆகவேண்டும். சிறையைப் பற்றி எழுதப்படும் கதைகளுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. மகன் கெட்டுப் போகிறான். தாய் அழுது மடிகிறாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு திருந்துகிறான். அறிவுரையுடன் கதை முடிகிறது. அக்கைதிக்கு அடுத்த பாயில் படுத்திருந்தவன் யார்? அவன் பேசிய மொழி என்ன? கடிதம் எழுதத் தெரியாதவனுக்கு எழுதிக் கொடுத்தவன் எவன்? காலையில் எதை எண்ணிக்கொண்டு எழுந்தான்? எண்ணால் அழைக்கப்பட்டவனைப் பெயர் சொல்லி அழைத்தவர் உண்டா? இவ்வினாக்களை அக்கதைகள் கேட்பதில்லை. அவற்றில் கைதி மனிதனல்லன். பாடம் நடத்த நிறுத்திய பொம்மை.

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 1982இல் எழுதி, 1994இல் படமான ஷாஷாங்க் சிறைக் கதையை உலகம் இன்றும் மறவாதது ஏன்? அக்கைதி சிறை நூலகத்திற்குப் பொருள் கேட்டு ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறான். அவன் கதையைக் கூறுபவன் அவன் நண்பனாகிய மற்றொரு கைதி. நம்பிக்கை என்ற சொல்லை விளக்கிச் சொற்பொழிவாற்றுவதைவிட, விடை வராத கடிதத்தைத் திரும்பத் திரும்ப எழுதும் ஒருவனைக் காட்டுவது வலியது. தமிழ் எழுத்தாளர் கற்கத்தக்கது அது.

செய்யத் தக்கவை

ஆசிரியர் செய்யத் தக்கவை மூன்று. சுந்தர காண்டம் கற்பிக்கும்போது, சீதையைக் கற்பின் வடிவமாக மட்டும் காட்டாது சிறைப்பட்ட மனிதப் பிறவியாகவும் காட்டுதல் ஒன்று. சயாம் நாவல்களையும் 'மதில்கள்' போன்ற நூல்களையும் மேல்வகுப்பு மாணவர் கையில் கொடுத்து விவாதிக்கச் செய்தல் மற்றொன்று. போட்டிகளில் சிறையைக் களமாகக் கொண்ட கதை வந்தால், களத்தைக் கண்டு ஒதுக்காமல் கதையைக் கண்டு மதிப்பிடுதல் மூன்றாவது. இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. துணிவு ஒன்றே தேவை.

மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி ஆசிரியரின் கையில் நூலாக இருக்கிறது. அவள் சிறைவாயிலில் நின்று, இது தூயோர் செல்லும் இடமன்று என்று திரும்பிச் சென்றிருந்தால் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகியிராது. அவள் உள்ளே சென்றாள். தந்தையின் பெயரைச் சொல்லத் தயங்கி வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அந்தப் பிள்ளைக்காகத் தமிழாசிரியரும் அந்த வாயிலைக் கடந்து செல்ல வேண்டும்.