வாழைப்பழச் சலுகை: யாருக்குப் போனது ஆதாயம்?

இறக்குமதிப் பழத்துக்குத் தரப்படும் தீர்வைச் சலுகைக்குத் தனி மதிப்பு கிடையாது. சலுகை பெறாத நாட்டின் பழத்துக்கு விதிக்கும் தீர்வை எவ்வளவோ, அவ்வளவுதான் அதன் மதிப்பு. ஐரோப்பாவின் வாழைப்பழ இறக்குமதி வரலாற்றைப் போல இதைத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

1993 வரை அங்கு ஒரே சந்தை இருக்கவில்லை. பிரான்ஸ் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் பழத்தை வாங்கியது. பிரிட்டன் ஜமைக்காவுக்கும் விண்ட்வர்ட் தீவுகளுக்கும் இடம் கொடுத்தது. நெதர்லாந்து போன்ற நாடுகள் லத்தீன் அமெரிக்கப் பழத்துக்கு 20 சதவீதத் தீர்வை விதித்தன. ஜெர்மனியோ 1957 ரோம் உடன்படிக்கையில் தனி நெறிமுறை ஒன்றைச் சேர்க்கவைத்து, தீர்வையே இல்லாமல் பழம் இறக்கியது. ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளின் சந்தை வாய்ப்பு குறையாது என்று 1975 லோமே ஒப்பந்தம் வாக்களித்திருந்தது. உள் எல்லைகள் நீங்கியதும் இவை அத்தனையையும் ஒரே விதிக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று.

1993 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அந்த விதி, லத்தீன் அமெரிக்கப் பழத்துக்கு ஆண்டுக்கு 20 லட்சம் டன் ஒதுக்கியது. அந்த அளவுக்குள் டன்னுக்கு 100 ஈக்யூ (யூரோவுக்கு முந்தைய ஐரோப்பிய நாணய அலகு) தீர்வை, மிஞ்சினால் 850. ஆக, ஒதுக்கீட்டுக்கு மேல் கதவு அடைபட்டது. மரபாக விற்றுவந்த ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளுக்கு 8,57,700 டன் வரை தீர்வை இல்லை. சிக்கல் உரிமங்களில்தான் இருந்தது. லத்தீன் அமெரிக்கப் பழத்துக்கான இறக்குமதி உரிமங்களில் 30 சதவீதம், அதுவரை ஐரோப்பியப் பழத்தையும் சலுகை நாடுகளின் பழத்தையும் விற்றுவந்த வணிகர்களுக்குப் போனது. சரக்கைக் கட்டுப்படுத்தியதால் ஐரோப்பாவில் விலை உயர்ந்தே நின்றது. அந்த உயர்வின் லாபம் உரிமம் வைத்திருந்தவருக்கு. சரக்கு இல்லாதவர் உரிமத்தையே விற்றுக் காசாக்கலாம். விண்ட்வர்ட் தீவுகளில் ஒன்றான செயின்ட் லூசியாவின் மலைச்சரிவில் தார் வெட்டிய சிறு விவசாயிக்கு அதில் வந்தது சொற்பம். விவசாயியைக் காப்பதுதான் நோக்கமென்றால், உரிமம் தவறான கருவி. நேரடி மானியம் இதைவிடச் செலவு குறைந்த வழி.

உலக வர்த்தக அமைப்புக்கு முன்பிருந்த காட் அமைப்பின் குழுக்கள் 1993, 1994 ஆண்டுகளில் ஐரோப்பாவுக்கு எதிராகச் சொன்ன முடிவுகள் ஏற்கப்படாமலே கிடந்தன. புதிய அமைப்பு வந்தபின் அப்படி ஒதுக்கிவைக்க வழியில்லாமல் போனது. 1996இல் ஈக்வடார், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோ, அமெரிக்கா ஆகிய ஐந்தும் சேர்ந்து வழக்குத் தொடுத்தன. அமெரிக்கா வாழைப்பழ ஏற்றுமதி நாடல்ல; சிக்கிட்டா போன்ற அதன் வாழைப்பழ நிறுவனங்களுக்காகவே வழக்காடியது. 1997இல் ஐரோப்பா தோற்றது. உரிமப் பங்கீடு சரக்கு வணிக விதியை மட்டுமல்ல, சேவை வணிக ஒப்பந்தத்தையும் மீறியதாகத் தீர்ப்பானது. ஐரோப்பா செய்த திருத்தம் போதாது என்று 1999இல் அமெரிக்கா ஆண்டுக்கு 19.14 கோடி டாலர் அளவுக்குப் பதிலடித் தீர்வை விதிக்க அனுமதி பெற்றது. ஐரோப்பாவின் கைப்பை, படுக்கை விரிப்பு, குளியல் பொருட்கள் போன்றவற்றின் மேல் 100 சதவீதத் தீர்வை விழுந்தது. வாழைப்பழ விதியை எதிர்த்து வாக்களித்திருந்த டென்மார்க்கும் நெதர்லாந்தும் மட்டும் தப்பின.

2006இல் லத்தீன் அமெரிக்கப் பழத்துக்கு ஒதுக்கீடும் உரிமமும் போய், டன்னுக்கு 176 யூரோ தீர்வை மட்டும் நின்றது. 2009 ஜெனீவா உடன்பாடு அதை 148ஆக்கி, படிப்படியாக 114க்கு இறக்கியது. கொலம்பியா, பெரு, மத்திய அமெரிக்கா ஆகியவற்றுடன் ஏற்பட்ட தனி ஒப்பந்தங்களில் அது 75 யூரோ. 2012 நவம்பரில் வழக்கு முறைப்படி முடிந்தது. தீர்வை இறங்க இறங்கச் சலுகையும் கரைந்தது. அதோடு நிற்கவில்லை: அதே சலுகையுடன் வந்த கேமரூன், ஐவரி கோஸ்ட்டின் பெருந்தோட்டங்களோடும் விண்ட்வர்ட் தீவுகள் போட்டியிட வேண்டியிருந்தது. அத்தீவுகளின் வாழை ஏற்றுமதி முந்தைய அளவில் சிறு பங்காகச் சுருங்கியது.

தீர்வை இறங்கினாலும் தடைகள் தீரவில்லை. கருஞ்சிகடோகா இலைப்புள்ளி நோய்க்கு வாழைத் தோட்டங்கள் நம்பியிருந்த குளோரோதலோனில் மருந்தின் அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் புதுப்பிக்கவில்லை. 2020இல் மாங்கோசெப் மருந்தின் அனுமதியும் போனது. குளோரோதலோனிலின் எச்ச வரம்பு பின்னர் அளந்தறியக்கூடிய மிகக் குறைந்த அளவுக்கு இறக்கப்பட்டது. அந்த வரம்பில் எந்த நாட்டுக்கும் சலுகை இல்லை.