டூபாக்கைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

ராப் பாடல்கள் இளைஞர்களுக்கு மனநிம்மதியைக் கற்றுத்தருகின்றன என்றும், அந்த நிம்மதிக்கு வழி போலி நண்பர்களை ஈவிரக்கமின்றி வெட்டிவிடுவதுதான் என்றும் போன இதழில் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். எண்ணை பிளாக் செய், வெட்டிவிட்டதை ஊரறிய ஸ்டேட்டஸில் போடு, நன்றாகத் தூங்கு. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் இதைத்தான் பாடினார்கள், வள்ளுவரும் இதைத்தான் சொன்னார். கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அடைமொழி.

அவர் கூண்டில் ஏற்றும் முதல் சாட்சி, டிஜே காலித் 2013இல் வெளியிட்ட ‘நோ நியூ ஃபிரெண்ட்ஸ்’. தலைப்பைத் தாண்டி அவர் கேட்டதாகத் தெரியவில்லை. புகழ் வருவதற்கு முன்பே கூட இருந்தவர்கள் போதும், இனிமேல் வந்து ஒட்டிக்கொள்கிறவர்கள் வேண்டாம் என்கிற பாட்டு அது. பழைய கூட்டாளிகளைக் கட்டிக்காக்கும் பாட்டைக் காட்டி, பழைய கூட்டாளிகளைக் கழற்றிவிடச் சொல்கிறார் மனிதர். அதில் சேர்ந்து பாடியவர்களில் டிரேக்கும் ரிக் ராஸும் உண்டு. 2024 ஏப்ரலில் அதே ராஸ், டிரேக்கைத் தாக்கித் தனிப்பாட்டே போட்டார். நட்புக்கு இலக்கணம் கேட்க நல்ல இடம் பார்த்திருக்கிறார்.

அடுத்த சாட்சி ராப் பாடகர் டூபாக் ஷக்கூர். ‘துரோகிகளை அடையாளம் கண்டு விலகி, உள்ளத்தில் அமைதி கண்டவர்’ என்று அவரைப் பற்றி எழுத ஒருவருக்குக் கை வந்திருக்கிறது என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. 1994 நவம்பர் 30 அன்று நியூயார்க்கின் குவாட் ஒலிப்பதிவுக் கூடத்தில் டூபாக் சுடப்பட்டார். அப்போது அதே கட்டடத்தின் மாடியில் இருந்தவர் அவருடைய நண்பரும் சக ராப் பாடகருமான நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்று டூபாக் சந்தேகப்பட்டார். அது நிரூபிக்கப்படவே இல்லை. ஆனாலும் நட்பை வெட்டினார். 1996இல் ‘ஹிட் எம் அப்’ பாட்டில் பழைய நண்பரையும் அவருடைய மனைவியையும் வாய்க்கு வந்தபடி ஏசினார். சில மாதங்களில் லாஸ் வேகாஸில் சுடப்பட்டு, செப்டம்பர் 13 அன்று இறந்தார், வயது 25. பி.ஐ.ஜி. 1997 மார்ச் 9 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் கொல்லப்பட்டார், வயது 24. இதில் எந்தத் தேதியில் அமைதி வந்தது என்று கட்டுரையாளர் சொல்லட்டும். இன்னொன்றும் உண்டு. போலி என்று நினைத்தவனை வெட்டிய டூபாக், உண்மையான ஆள் என்று நம்பிப் போய்ச் சேர்ந்தது இசை நிறுவன அதிபர் சூஜ் நைட்டிடம். லாஸ் வேகாஸில் குண்டு பாய்ந்தபோது டூபாக் உட்கார்ந்திருந்த காரை ஓட்டியவர் அந்த நைட்தான்.

நண்பன்மீதான இந்தச் சந்தேகம் டூபாக்குக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே கட்டுரையில் இல்லை. டூபாக்கின் தாய் அஃபெனி ஷக்கூர், கறுப்பின உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சிக்காரர். கட்சிக்குள் தோழர்கள் வேடத்தில் புகுந்திருந்த போலீஸ்காரர்களே அவர்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். வயிற்றில் பிள்ளையோடு, தனக்காகத் தானே வாதாடி, அப்படிப்பட்ட ஒருவரைக் குறுக்கு விசாரணை செய்தார் அஃபெனி. 1971 மே மாதம் விடுதலை. ஜூன் 16 அன்று டூபாக் பிறப்பு. அதற்கு முன்பே, 1969 டிசம்பர் 4 அன்று சிகாகோவில், அதே கட்சியின் தலைவர்களில் ஒருவரான 21 வயது ஃபிரெட் ஹாம்ப்டன் படுக்கையிலேயே போலீசாரால் கொல்லப்பட்டார். அவர் வீட்டின் வரைபடத்தை எஃப்.பி.ஐ.க்குக் கொடுத்தவர், கட்சியின் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த வில்லியம் ஓ’நீல். கூடவே சாப்பிட்டுக்கொண்டு, கூடவே கோஷம் போட்டுக்கொண்டு இருந்த ஆள். அந்த வீடுகளில் ‘போலி நண்பன்’ என்றால் பொருள் இதுதான்: அரசாங்கச் சம்பளத்தில் வந்து உட்காருகிறவன். நம் கட்டுரையாளர் தரும் உதாரணமோ, கடன் வாங்கிய 5,000 ரூபாயைத் திருப்பித் தராத கல்லூரித் தோழன்.

பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. அட்லாண்டாவில் 2022 மே மாதம் ராப் பாடகர்கள் யங் தக், குன்னா உள்ளிட்டோர்மீது குற்றப்பத்திரிகை வந்தபோது பாட்டு வரிகளையே அதில் ஆதாரமாகச் சேர்த்திருந்தார்கள். டிசம்பரில் குன்னா அரசுத் தரப்போடு உடன்பாடு செய்துகொண்டு வெளியே வந்தார். யாருக்கும் எதிராகச் சாட்சி சொல்ல ஒப்புக்கொள்ளவில்லை என்று அறிவித்தும், காட்டிக்கொடுத்தவன் என்ற பட்டம் விழுந்தது, கூட்டாளிகள் விலகினார்கள். வெட்டப்பட்டவன் பக்கத்திலிருந்தும் ஒரு கதை உண்டு என்று கட்டுரையாளருக்குத் தோன்றவே இல்லை. அவர் உலகத்தில் கத்தி எப்போதும் அவர் கையில்தான்.

ராப்பிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. கன்யே வெஸ்டின் 2016ஆம் ஆண்டுப் பாட்டு ‘ரியல் ஃபிரெண்ட்ஸ்’. மடிக்கணினியைத் திருடிய சொந்தக்காரப் பையனிடம் இரண்டரை லட்சம் டாலர் கொடுத்து அதை மீட்டதாக அதில் சொல்கிறார். வெட்டிவிட இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? ஆனால் பாட்டு அந்தப் பக்கம் போவதில்லை. பிறந்தநாள்களை மறந்தது, சொந்தபந்தத்துக்கு நேரம் ஒதுக்காதது என்று பாடுகிறவர் தன் கணக்கைத்தான் பிரிக்கிறார். நல்ல நண்பனாக நான் இருந்தேனா என்ற சந்தேகம்தான் அந்தப் பாட்டுக்குச் சோகத்தைக் கொடுக்கிறது. (கன்யே பிற்பாடு பேசியதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கவில்லை, பாட்டு நல்ல பாட்டு.) 1984இல் வந்த ஹூடினி குழுவின் ‘ஃபிரெண்ட்ஸ்’ஸும் தீர்ப்பு எழுதாமல் கேள்வி கேட்கிற பாட்டுதான். நாலு பக்கத்தில் இந்த இரண்டுக்கும் இடம் கிடைக்கவில்லை.

கடைசியாக வள்ளுவர். தீ நட்பும் கூடா நட்பும் 82, 83ஆம் அதிகாரங்கள். கெட்ட உறவை விடச் சொல்கிறார், உண்மை. ஆனால் எப்படி? செய்யக்கூடிய காரியத்தையும் கெடுக்கிறவனின் உறவை, அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நழுவவிடச் சொல்கிறார். ஸ்டேட்டஸில் போடச் சொல்லவில்லை. 80ஆம் அதிகாரமோ, நட்பை மதிக்கிறவனுக்கு ஒருமுறை நட்பு கொண்டபின் விடுதலை இல்லை, ஆகவே ஆராயாமல் சேராதே என்று தொடங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது ‘பழைமை’. பழகிய நண்பன் உரிமையோடு தவறு செய்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் பத்துக் குறள். கட்டுரையாளர் 80ஐத் தொட்டுவிட்டு 82க்குத் தாவியிருக்கிறார். பதில் எழுதுவதாக இருந்தால் 81இலிருந்து தொடங்கட்டும்.