எனக்கு வராது

நம் விடுதியில் நாள்தோறும் கேட்கும் தொடர் ஒன்று உண்டு. "எனக்கு வராது" என்பதே அது. ஆங்கிலம் வராது, மேடைப்பேச்சு வராது, நேர்முகத் தேர்வில் வாய் திறந்தால் சொல்லே வராது. "நான் பேசுகிறேன்" என்னும்போது நாம் எழுவாய். "எனக்கு வராது" என்றதும் நான்காம் வேற்றுமையாகி ஓரமாய் ஒதுங்கிவிடுகிறோம். ஆங்கிலம் ஏதோ விருந்தாளி போலவும், அது வரும் வழியைப் பார்த்து நாம் திண்ணையில் காத்திருப்பது போலவும் ஆகிவிடுகிறது.

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்துவிட்டுப் பெங்களூருக்கு வந்து சேரும் மாணவனின் நிலை நாம் அறியாததன்று. வகுப்பறையில் ஆங்கிலம். தெருவில் கன்னடம். உணவுக் கூடத்தில் பாதிப் பேச்சு இந்தி. தமிழ், இரவில் தொலைபேசியில் அம்மாவோடு பேசுவதற்கு மட்டும். முதல் பருவத்தில் ஐயம் கேட்க எழுந்து, வினை முற்றாமல் வாக்கியம் நடுவில் நின்றுபோக, அதன்பின் எழுந்திருப்பதையே விட்டுவிட்டவர்கள் நம்மில் பலர். அந்த நாணத்தையே முதலாக வைத்து வாணிகம் செய்வோர் இந்நகரில் பெருகியிருக்கின்றனர். அவர்களைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

சென்ற பருவத்தில் ஒரு ஞாயிறன்று, விடுதித் தோழர் ஒருவர் என்னை இலவசக் கூட்டம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். ஓட்டல் ஒன்றின் குளிரூட்டிய கூடம். தேநீரும் பிஸ்கட்டும் உண்டு. பொருள், என்.எல்.பி. என்னும் கலை. நரம்பு மொழி நிரலாக்கம் என்று தமிழில் சொல்லுகிறார்கள். கண்களை மூடிக்கொண்டு, வாழ்வில் பெருமிதம் கொண்ட ஒரு வேளையை நினைக்கச் சொன்னார்கள். நினைவு முற்றும்போது கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து அழுத்த வேண்டும். இதற்கு நங்கூரம் என்று பெயர். பிறகு என்றைக்கேனும் நேர்முகத் தேர்வு அறையில் அவ்விரல்களை அழுத்தினால் அந்தப் பெருமிதம் திரும்பி வரும் என்றார்கள். நானும் அழுத்தினேன். பள்ளி நாளில் பேச்சுப் போட்டி ஒன்றில் மூன்றாம் பரிசு பெற்றது நினைவுக்கு வந்தது. போட்டியிட்டவர்கள் நால்வரே என்பதும் கூடவே நினைவுக்கு வந்துவிட்டது.

நான் சிரித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். தோழரோ தம் உதவித்தொகையில் இரண்டு மாதப் பணத்தைக் கட்டி, முதல்நிலைச் சான்றிதழ் வகுப்பில் சேர்ந்தார். அவரை நான் குறை கூறவில்லை. அவர் அச்சம் உண்மையானது. வளாக வேலைத் தேர்வில் இருமுறை தோற்றவர் அவர்.

இக்கலையின் பிறப்பு வரலாறு சுவையானது. 1970-களில் அமெரிக்காவில் சாந்தா குரூஸ் நகரத்துக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு பாண்ட்லர் என்னும் மாணவரும், ஜான் கிரிண்டர் என்னும் மொழியியல் ஆசிரியரும் கூடித் தொடங்கியது இது. பிரிட்ஸ் பெர்ல்ஸ், வர்ஜீனியா சாடிர், மில்டன் எரிக்சன் என்று மனநோய்ப் பண்டுவத்தில் அக்காலத்தில் பெயர் பெற்ற மூவரை எடுத்துக்கொண்டனர். அவர்கள் நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார்கள், எங்கே குரலைத் தாழ்த்துகிறார்கள், எதைக் கேள்வியாக்குகிறார்கள் என்று ஆராய்ந்தனர். வல்லவன் செய்வதைக் கூறுகூறாகப் பிரித்துப் பார்த்தால் எவரும் அதைக் கற்றுவிடலாம் என்பது அவர்கள் துணிபு. 1975-இல் முதல் நூல் வெளிவந்தது. பின்னர் இருவரும் பிரிந்தனர். 1990-களில் அப்பெயர் யாருக்கு உரிமை என்று வழக்கு மன்றம் ஏறினர். உறவைச் செம்மையாக்கும் கலையைக் கண்டவர்கள் என்பதை எண்ணும்போது இது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பெயரில் மூன்று சொற்கள். அவற்றுள் மொழி என்பது மட்டுமே நேர்மையாக வந்து அமர்ந்தது. நரம்பை அவர்கள் ஆய்ந்ததில்லை. நிரலாக்கம், கணினி புதுமையாயிருந்த காலத்தில் அங்கிருந்து வாங்கிக்கொண்ட அணி. அறிவியலின் மேலங்கியைப் போட்டுக்கொண்டதால், அறிவியலார் வந்து சோதித்ததையும் ஏற்கத்தானே வேண்டும்? சோதித்தார்கள். மனிதப் பயிற்சி முறைகளில் எது பயன்தரும் என்று அறிய அமெரிக்கத் தரைப்படை வேண்டிக்கொள்ள, அந்நாட்டு தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் குழு 1988-இல் ஓர் அறிக்கை தந்தது. என்.எல்.பி.யின் கோட்பாட்டுக்குப் போதிய சான்று இல்லை என்றே அது கண்டது. வலப்புறம் மேலே பார்ப்பவன் பொய் சொல்லுகிறான், இடப்புறம் பார்ப்பவன் நினைவைத் தேடுகிறான் என்னும் கண்குறி நூலை, ரிச்சர்டு வைஸ்மன் குழுவினர் 2012-இல் மூன்று சோதனைகளில் பரிசோதித்தனர். கண்ணுக்கும் பொய்க்கும் தொடர்பே தென்படவில்லை. அதே ஆண்டு உடல்நலப் பயன்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த பிரிட்டிஷ் மருத்துவ இதழ்க் கட்டுரை ஒன்றுக்கு, எடுத்துக்கொள்ளத்தக்கவை என்று கிடைத்தவை பத்தே. அவற்றிலும் வலுவான சான்று இல்லை. இவ்வளவுக்குப் பின்னும் நான் சென்ற கூட்டத்தில் கண்குறிப் படத்தைத் திரையில் காட்டினார்கள். பலர் தம் கைபேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டார்கள்.

"எனக்குப் பயன்பட்டதே!" என்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள்: இந்த ஊரில் நம்மை எதிரே அமர்த்தி, ஒரு மணி நேரம், கைபேசியைப் பாராமல், "சொல்லுங்கள்" என்று கேட்பவர் யார்? ஆய்வு வழிகாட்டிக்கு நேரமில்லை. அறைத்தோழன் காதில் கருவி மாட்டியிருக்கிறான். பணம் பெற்றுக்கொண்டாயினும் ஒருவர் கேட்கிறார். கேட்கப்பட்டவன் மனம் இலேசாகிறது. அந்தப் பயன் விரல் அழுத்தியதால் வந்ததென்று எண்ணிக்கொள்கிறான்.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். அக்கலையின் தொடக்க நூலில் ஒரு கேள்வி முறை இருக்கிறது. கிரிண்டரின் இலக்கண அறிவிலிருந்து வந்தது. ஒருவன் பேசும் வாக்கியத்தில் விடுபட்டதைக் கேட்டு வாங்குவதே அம்முறை. "எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்" என்கிறானா? எல்லோருமா? யார் யார்? எந்த நாளில்? "என்னால் முடியாது" என்கிறானா? எது தடுக்கிறது? செய்தால் என்ன ஆகும்? நம் "எனக்கு வராது" என்பதை இந்த உலையில் இட்டுப் பாருங்கள். எது வராது? ஆங்கிலமா? பாடநூலை ஆங்கிலத்தில்தானே படிக்கிறாய்? தேர்வை ஆங்கிலத்தில்தானே எழுதினாய்? பேச வராது என்கிறாயா? யாரிடம்? கடைக்காரரிடமா, பேராசிரியரிடமா? எத்தனை முறை பேசிப் பார்த்தாய்? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் "ஆங்கிலம் எனக்கு வராது" என்னும் மலை, "பத்துப் பேர் முன்னால் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் நான் இதுவரை பேசிப் பழகவில்லை" என்னும் கல்லாகச் சுருங்கிவிடுகிறது. கல்லை நகர்த்தலாம். இக்கேள்விகளுக்குக் கட்டணமும் வேண்டியதில்லை. நல்ல தோழன் ஒருவன் போதும்.

ஆயினும் வாக்கியத்தை மாற்றிவிட்டால் நா பழகிவிடுமா? அங்கேதான் இவ்வாணிகம் நம்மை ஏமாற்றுகிறது. தோழரின் கதையை முடிக்கிறேன். மூன்றாம் நேர்முகத் தேர்வுக்குப் போனார். விரலை அழுத்தினார். உள்ளே கேட்டது அவருடைய சொந்த ஆய்வுத் திட்டத்தைப் பற்றித்தான். அதை ஆங்கிலத்தில் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை அவர். தடுமாறித் திரும்பினார். பயிற்சியாளர் கூறிய விளக்கம் என்ன தெரியுமா? "உங்கள் ஆழ்மனம் வெற்றியை விரும்பவில்லை, அடுத்த நிலை வகுப்பில் சேர்ந்தால் சரிசெய்யலாம்." வெற்றி வந்தால் கலைக்குப் பெருமை, தோல்வி வந்தால் மாணவன் மனத்தில் கோளாறு! அன்றிரவு அவர், "என்னிடந்தான் ஏதோ பழுது இருக்கிறது" என்று சொன்னபோது எனக்குச் சினம் வந்தது. அச்சினமே இதை எழுதவைத்தது.

பழுது அவரிடம் இல்லை. ஆங்கிலத்தில் பேசப் பயிற்சி தராத பள்ளியில் படித்தார். ஆங்கிலத்தில் பேசச் சொல்லும் தேர்வுக்கு வந்தார். இடையில் உள்ள பள்ளத்துக்குப் பெயர் பயிற்சியின்மை. அதை ஆழ்மனம் என்று பெயர் மாற்றினால், பள்ளியும் பல்கலைக்கழகமும் தப்பித்துக்கொள்ளும். மாணவன் தனியே மாட்டிக்கொள்வான்.

வல்லவரைப் பின்பற்றுங்கள் என்கிறார்களே, நம் நாட்டு வல்லவர் ஒருவரைப் பார்ப்போம். கணித மேதை இராமானுசன் 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, மற்றப் பாடங்களில் தவறியதால் அதை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் எப்.ஏ. தேர்விலும் தோற்றார். 1907-இல் அவர்முன் ஒரு வெற்றிப் பயிற்சியாளர் அமர்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "உங்களைக் கட்டுப்படுத்தும் நம்பிக்கைகளை அகற்றுங்கள்" என்றிருப்பார். ஆனால் இராமானுசனுக்குத் தம் கணக்கில் நம்பிக்கை குறைவாகவா இருந்தது? அவருக்குக் குறைந்தது சோறும் தாளும், எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆளும். துணைக் கலெக்டர் இராமசாமி ஐயர் அவர் குறிப்பேட்டைப் பார்த்து வியந்து சென்னைக்கு அனுப்பினார். இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் எழுத்தர் வேலை. அங்கே மேலதிகாரி நாராயண ஐயர் மாலைகளில் உடனிருந்து கணக்குப் போட்டார். 1913-இல் ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. அவ்வாண்டே பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் தந்தது. இருபத்தைந்து, முப்பது, எழுபத்தைந்து. அவர் வாழ்வு மாறிய கதையை இந்த எண்களையும் அம்மனிதர்களையும் விட்டுவிட்டு எப்படிச் சொல்வது? கற்பலகையை அவர் முழங்கையால் அழித்தாராம். நாமும் அப்படியே அழிக்கலாம், முழங்கைதான் கறுக்கும்.

மனத்தைப் பற்றிய உண்மையான ஆராய்ச்சி வேறு சொல்லுகிறது. ஜெர்மனியில் பட்டம் முடிக்கும் மாணவர்களை காபிரியேல் எட்டிங்கனும் உடனாய்வாளரும் ஈராண்டு தொடர்ந்து பார்த்து 2002-இல் வெளியிட்டனர். நல்ல வேலையில் அமர்ந்திருப்பதாக இன்பக் கனவு மிகுதியாகக் கண்டவர்கள் விண்ணப்பங்களைக் குறைவாக அனுப்பினார்கள். அவர்களுக்கு வந்த அழைப்பும் குறைவு, ஊதியமும் குறைவு. கனவிலேயே உண்டு முடித்தவனுக்குப் பசி இராது போலும்! ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் செய்த சோதனை ஒன்றில், ஒரு பகுதியை நான்கு முறை படித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் 40 விழுக்காடு நினைவு வைத்திருந்தனர். ஒருமுறை படித்து, மூன்று முறை பாராமல் எழுதிப் பார்த்தவர்களோ 61 விழுக்காடு. வேடிக்கை என்னவென்றால், படித்து ஐந்தே நிமிடத்தில் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னின்றார்கள். உடனே வரும் நிறைவு நம்மை எப்படி ஏய்க்கிறது, பாருங்கள். ஓட்டல் கூடத்தில் கைதட்டலோடு வரும் நம்பிக்கையும் அந்த ஐந்து நிமிட இனந்தான்.

நம்மைப் போன்றோருக்கு இன்னும் நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் புதிதாய்ச் சேர்ந்த மாணவர்களிடம், "இங்கே நான் அயலானோ என்னும் எண்ணம் முதலாண்டில் எல்லார்க்கும் வருவதே, நாளடைவில் தணிந்துவிடும்" என்பதை மூத்த மாணவர்களின் அனுபவம் வாயிலாக ஒரே அமர்வில் உணர்த்தினார்கள் வால்டனும் கோஹனும். மூன்றாண்டுக்குப் பின், கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையருக்கும் இருந்த மதிப்பெண் இடைவெளி பாதியாகக் குறைந்திருந்ததாக 2011-இல் எழுதினார்கள். சொன்னது இவ்வளவுதான்: உனக்கு மட்டும் நேர்ந்ததன்று. "உன் ஆழ்மனத்தில் கோளாறு" என்பதற்கு நேர்மாறான சொல் அல்லவா இது?

இனி ஒரு எச்சரிக்கை. நாணம் வேறு, நோய் வேறு. வாரக்கணக்கில் உறக்கமின்றி, உணவில் விருப்பமின்றி, வாழ்வே வேண்டா என்னும் எண்ணம் தலைகாட்டினால், அது பயிற்சியாளரிடம் கொண்டுபோகும் செய்தியன்று. மருத்துவ உளவியலாளர் என்று தொழில் செய்ய 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு வேண்டும். வாழ்க்கைப் பயிற்சியாளர் என்று பலகை மாட்ட ஆணியும் சுத்தியலும் போதும். இத்தனைக்கும் நாம் இருப்பது நிம்ஹான்ஸ் இருக்கும் ஊரில்! ஓசூர்ச் சாலையில் 1974 முதல் இயங்கும் அத்தேசிய நிறுவனத்துக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். நம்மில் பலர் அதைப் பேருந்து நிறுத்தமாக மட்டுமே அறிவோம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்னும் அரசுச் சேவைக்கு 14416 என்று அழைத்தால் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது நம் மன்றத்துக்கு. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் நாம் செலவிடும் உழைப்பில் சிறு பகுதி போதும். வாரம் ஒரு மாலை, ஒரு காலி வகுப்பறை. ஒருவர் தம் ஆய்வையோ திட்டத்தையோ ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் சொல்லட்டும். கேட்பவர்கள் நேர்முகத் தேர்வாளர் போல் மூன்று கேள்வி கேட்கட்டும். பிறகு எங்கே தடுக்கியது என்று தமிழில் பேசிக்கொள்வோம். வேலை பெற்றுச் சென்ற மூத்தவர்கள் மாதம் ஒருமுறை வந்து, தாம் முதலாண்டில் உளறிய கதைகளைச் சொல்லட்டும். சான்றிதழ் இல்லை. தேநீர்ச் செலவை நாமே பங்கிட்டுக்கொள்ளலாம்.

தோழரிடம் கேட்டேன். முதல் வாரம் தாம் பேசுவதாக ஒப்புக்கொண்டார், ஒரே நிபந்தனையோடு: இரண்டாம் வாரம் நான் பேச வேண்டுமாம். எனக்கும் அது வராதுதான். வகுப்பறைக்கு மன்றச் செயலாளர் இந்த வாரமே விண்ணப்பம் எழுதட்டும்.