வேலியான ஸ்ட்ரெச்சரும் வேலையில் இருக்கும் டோலியும்

தெற்கு லண்டனின் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகள் சிலவற்றின் முன்னால் விசித்திரமான இரும்பு வேலி நிற்கிறது. கறுப்பு பெயின்ட், நடுவே கம்பி வலை, இரு ஓரத்திலும் சின்ன வளைவு. அந்த வளைவுதான் துப்பு. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து லட்சக்கணக்கில் செய்துவைத்த ஸ்ட்ரெச்சர்கள் அவை. தரையில் வைத்துத் தூக்கும்போது கை நுழைய இடம் வேண்டுமே, அதற்காகக் குழாயை வளைத்துக் காலாக்கினார்கள். விஷவாயு பட்டால் கழுவிவிடலாம் என்றே துணியை விட்டு இரும்புக்கு மாறினார்கள். போர்க்கால இரும்புக்காக ஊர் வேலிகளைப் பிடுங்கியிருந்தார்கள். போர் முடிந்ததும் அந்த இடத்தில் ஸ்ட்ரெச்சரையே நட்டுவிட்டார்கள்.

கொடுத்துவைத்த ஸ்ட்ரெச்சர்! நம் ஊர் டோலிக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

சுமப்பது நமக்குப் புதிதும் அல்ல. 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது அங்குள்ள நேட்டாலில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். 1860 முதல் சென்னையில் கப்பலேறிப் போன தமிழரும் தெலுங்கருமே நேட்டால் கூலிகளில் அதிகம். அந்தப் போரின் ஸ்பியன் கோப் சண்டையின்போது காயம்பட்ட வீரர்களைத் தூக்கிக்கொண்டு ஒரே நாளில் 20, 25 மைல் நடந்தார்கள். பதக்கம் தலைவர்களுக்குப் போனது. காந்தி தன்னுடையதை 1920-இல் திருப்பிக் கொடுத்தார். தோள் கொடுத்த கூலிகளுக்குத் திருப்பிக் கொடுக்கவும் ஒன்றும் இல்லை.

தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது 2008-இல். ஆனால் சாலை இல்லாத மலைக் கிராமங்களில் இன்றும் மூங்கில் கழியில் போர்வையை முடிந்து டோலி கட்டி, பிரசவ வலியில் துடிப்பவளைத் தொட்டில்போலக் கிடத்தி, தோள் மாற்றித் தோள் மாற்றி இறக்குகிறார்கள். வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் 2023-இல் பாம்பு கடித்த குழந்தை ஆஸ்பத்திரி சேர்வதற்குள் இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாயே சுமந்துகொண்டு மலையேறினார்.

ஸ்ட்ரெச்சர் என்பது விழுந்த இடத்திலிருந்து வண்டி வரைக்கும்தான். முழுப் பயணமும் அதிலேயே என்றால் அது மருத்துவ வசதி ஆகாது, அரசின் கைவிரிப்பு.

சாலை கேட்டால் வனத்துறை அனுமதி இல்லை என்பார்கள். 2006-இன் வன உரிமைச் சட்டமே இதற்கு வழி சொல்கிறது: கிராம சபை பரிந்துரைத்தால், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைச் சாலைக்குத் தரலாம். 3 மீட்டர் அகலச் சாலை என்றால் அதில் 3 கிலோமீட்டர் போடலாம். மலை மாவட்ட ஆட்சியர்கள் மனு வரட்டும் என்று காத்திராமல், அடுத்த கிராம சபையிலேயே அந்தத் தீர்மானத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.