மணம் வலியைப் போக்குமா?

அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவருக்கு வாசனைத் தைலத்தை முகரக் கொடுத்தால் வலி குறையும் என்கின்றனர். ‘நறுமண மருத்துவம்’ என்று இதற்குப் பெயர். முழுப் பொய் என்று தள்ளுவாரும் உளர். முழு மெய் என்று கொள்ளுவாரும் உளர். வேதியியல் மாணவன் என்ற முறையில் நான் இரு சாராரோடும் மாறுபடுகிறேன்.

பிரான்சு நாட்டு வேதியியலார் கட்டஃபோசே 1937-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலால் பரவிய பெயர் இது. லாவெண்டர் தைலத்தில் மிகுந்திருப்பவை லினலூலும் லினலைல் அசிட்டேட்டும். லினலூல் மேல்நாட்டு அதிசயமன்று நண்பர்களே. நம் அடுப்படிக் கொத்தமல்லி விதையின் எண்ணெயிலும் அதுவே முதன்மையானது!

நியூயார்க்கில் நடந்த இரு ஆய்வுகளைப் பார்ப்போம். 2006-இல் வெளியானது, மார்பகத்தில் திசு எடுக்கும் சிறு அறுவைக்கு உட்பட்ட 50 பேரைப் பற்றியது. தைலம் முகர்ந்தோருக்கு வலி குறையவில்லை. ஆனால் வலியைக் கவனித்த விதம் நிறைவளித்தது என்று அவர்களே அதிகம் கூறினர். 2007-இல் வெளியானது, இரைப்பையில் பட்டை பொருத்திக்கொண்ட 54 பேரைப் பற்றியது. மணமில்லா எண்ணெய் பெற்றோரில் 82 விழுக்காட்டினருக்கு வலி மருந்து தேவைப்பட்டது. லாவெண்டர் பெற்றோரில் 46 விழுக்காட்டினருக்கே.

இங்கேதான் சிக்கல். மருந்தில்லா மாத்திரையை மருந்து என்று கொடுத்துச் சோதிக்கலாம். மணத்தை எப்படி மறைப்பது? குறைந்தது வலியா, வலியைப் பற்றிய அச்சமா? அச்சம் குறைந்தாலும் நல்லதுதானே என்பீர்கள். நான் மறுக்கவில்லை.

ஆனால் மாத்திரைக்குப் பதில் தைலம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. சென்ற ஆண்டு என் தாயாருக்குக் கருப்பையில் அறுவை நடந்தது. வீடு திரும்பியதும் தைலம் விற்பவர் ஒருவர் வந்து, “இதை முகர்ந்தால் போதும், மாத்திரை உடம்புக்குக் கேடு” என்று சொல்லி, இரண்டு நாள் கூலியை வாங்கிக்கொண்டு சுண்டுவிரல் அளவுக் குப்பியைத் தந்திருக்கிறார். அம்மா மாத்திரைகளை முந்தானையில் முடிந்து வைத்துவிட்டார். இருமக்கூட முடியாமல் இரவெல்லாம் கிடந்தாராம். வலிக்கு அஞ்சி இருமாமலும் நடக்காமலும் கிடந்தால் நுரையீரலில் சளி தங்கும். காலில் குருதி உறையலாம். வலி மருந்து சொகுசுக்கா கொடுக்கப்படுகிறது?

மாத்திரை எதற்கு, எத்தனை வேளை என்பதெல்லாம் மருத்துவமனைச் சீட்டில் இருந்தது; ஆங்கிலத்தில்! அதைப் படிக்கத் தெரிந்தவன் எங்கள் வீட்டில் நான் ஒருவனே. நானோ அன்று கல்லூரி விடுதியில் இருந்தேன். தைலக்காரர் தமிழில் பேசினார். சீட்டும் தமிழில் பேசினால் என்ன?

ஊருக்குப் போய்ப் படித்துச் சொன்ன பிறகு மாத்திரை உள்ளே போயிற்று. மறுநாள் வாசல்வரை நடந்தார். குப்பி மட்டும் இன்னும் தலைமாட்டில்தான் இருக்கிறது. மணம் பிடித்திருக்கிறதாம்!