மூன்றாவது டெஸ்ட் எங்கே?

2015 ஆகஸ்ட் 6, நாட்டிங்ஹாமின் டிரென்ட் பிரிட்ஜ் மைதானம். ஆஷஸ் தொடரின் நான்காவது டெஸ்ட். டாஸ் வென்ற இங்கிலாந்து கேப்டன் அலஸ்டர் குக், ஆஸ்திரேலியாவை முதலில் ஆடச் சொன்னார். மதிய உணவு இடைவேளை வருவதற்குள் ஆஸ்திரேலியா 60 ரன்களுக்குச் சுருண்டது. மொத்தமே 18.3 ஓவர், அதாவது 111 பந்துகள். காயத்தால் ஆண்டர்சன் வெளியே உட்கார்ந்திருக்க, ஸ்டூவர்ட் பிராட் தன் கவுன்ட்டி அணியின் சொந்த மைதானத்தில் 15 ரன்களுக்கு 8 விக்கெட் சாய்த்தார். ஆஸ்திரேலிய மட்டையாளர்களில் அதிகம் எடுத்தவர் மிட்செல் ஜான்சன். அவர் எடுத்ததே 13தான். உதிரிகள் 14! ஆடம் வோஜஸின் மட்டை விளிம்பில் உரசி ஐந்தாவது ஸ்லிப்பைக் கடந்தே போய்விட்ட பந்தை பென் ஸ்டோக்ஸ் பின்பக்கமாகப் பாய்ந்து ஒற்றைக் கையில் பிடித்தார். பிராட் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு திகைத்து நின்ற காட்சி அந்தத் தொடரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் கதை முடிந்தது. இன்னிங்ஸ் மற்றும் 78 ரன் வித்தியாசத்தில் இங்கிலாந்துக்கு வெற்றி. ஆஸ்திரேலிய கேப்டன் மைக்கேல் கிளார்க் தொடருடன் ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.

இப்படி ஓர் ஆட்டம் முடிந்த கையோடு ஒப்பாரி ஒன்று கிளம்புவது வழக்கம். ஐந்து நாள் ஆட்டம் மூன்றே நாளில் முடிந்துவிட்டது, போட்டியே இல்லை, டெஸ்ட் கிரிக்கெட்டின் ஆயுள் முடிகிறது என்று அதில் பல சுருதிகள் உண்டு. இந்த ஒப்பாரி தவறான வீட்டு வாசலில் நடக்கிறது என்பதே என் வாதம். ஒருதலைப்பட்சமான டெஸ்ட் ஒரு நோய் அல்ல. டெஸ்ட் ஆட்டத்தின் இயல்பிலேயே அது இருக்கிறது. அந்த ஓர் ஆட்டத்தையே முழுக் கதையாகப் படிப்பதும், பதிலடிக்கு இடம் தராமல் தொடரைச் சுருக்குவதும்தான் கோளாறு.

அதே 2015 தொடரை முழுதாக எடுத்துப் பாருங்கள். கார்டிஃபில் இங்கிலாந்து 169 ரன் வித்தியாசத்தில் வென்றது. லார்ட்ஸில் ஸ்டீவ் ஸ்மித் 215 ரன் அடிக்க, இங்கிலாந்து இரண்டாவது இன்னிங்ஸில் 103 ரன்னுக்கு வாரிச் சுருட்டப்பட்டது. ஆஸ்திரேலியாவுக்கு 405 ரன் வித்தியாசத்தில் வெற்றி. பர்மிங்ஹாமில் இங்கிலாந்து 8 விக்கெட்டில் வென்றது. அடுத்து நாட்டிங்ஹாம். கடைசியாக லண்டன் ஓவலில் ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் மற்றும் 46 ரன்னில் வென்றது. ஐந்து ஆட்டங்களில் ஒன்றுகூடக் கடைசி ஓவர் வரை நகம் கடிக்க வைக்கவில்லை. 25 நாள் நடக்கவேண்டியது 18 நாளில் முடிந்தது. ஆனாலும் தொடரின் முடிவு 3-2! லார்ட்ஸில் இங்கிலாந்தை அப்படி நசுக்கிய அணிதான் மூன்று வாரத்துக்குள் 60 ரன்னில் படுத்தது. லார்ட்ஸை மட்டும் பார்த்தவருக்கு ஆஸ்திரேலியா வெல்ல முடியாத அணி. நாட்டிங்ஹாமை மட்டும் பார்த்தவருக்கு அது உருப்படாத அணி. இரண்டுமே பொய்.

டெஸ்ட்டில் வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரிதாக வருகிறது என்பதற்கு ஆட்டத்தின் அமைப்பே பதில் சொல்லும். இருபது ஓவர் ஆட்டத்தில் இரு அணிக்கும் 120 பந்துகள்தான். பலம் குறைந்த அணியைக்கூட அந்தக் கணக்கு தாங்கிப் பிடித்துவிடும். ஒருவர் நாலு சிக்ஸர் தூக்கினால் தராசு சமமாகிவிடும். டெஸ்ட்டில் அப்படித் தாங்கிப் பிடிக்க எதுவும் கிடையாது. நன்றாக ஆடும் அணி, தானாக நிறுத்தும்வரை ஆடலாம். அது ஆட ஆட, எதிரணியின் பந்துவீச்சாளர்களின் கால்கள் கனக்கின்றன, ஆடுகளம் தேய்கிறது, களைத்துப்போனவர்களே அடுத்து மட்டை பிடிக்க வரவேண்டியிருக்கிறது. வட்டிக்கு வட்டி ஏறுகிற கடன் மாதிரி, காலையில் இருந்த சிறு வித்தியாசம் மாலைக்குள் மலையாகிவிடுகிறது. 1938இல் ஓவலில் நடந்தது இதன் உச்சம். நாள் வரம்பே இல்லாத அந்த டெஸ்ட்டில் லென் ஹட்டன் 13 மணி நேரத்துக்கு மேல் நின்று 364 ரன் எடுத்தார். இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 903 ரன் எடுத்து டிக்ளேர் செய்தது. பந்துவீசப் போய்க் கணுக்காலில் அடிபட்ட பிராட்மனும், காயமடைந்த ஃபிங்கிள்டனும் மட்டையே பிடிக்கவில்லை. ஒன்பது பேருடன் ஆடிய ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் மற்றும் 579 ரன்னில் தோற்றது. இன்றுவரை டெஸ்ட் வரலாற்றில் அதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. ஆனால் அந்தத் தொடர் 1-1 எனச் சமன். ஆஷஸ் ஆஸ்திரேலியாவிடமே தங்கியது.

அதே ஹட்டன் பின்னாளில் கேப்டனாகி அனுபவித்தது இன்னும் சுவாரசியம். 1954 நவம்பர், பிரிஸ்பேன். சுழல் பந்துவீச்சாளர் ஒருவரைக்கூடச் சேர்க்காமல் வேகத்தை மட்டும் நம்பிய ஹட்டன், டாஸ் வென்று ஆஸ்திரேலியாவை ஆட அழைத்தார். அவர்கள் 8 விக்கெட்டுக்கு 601 ரன் குவித்து டிக்ளேர் செய்தார்கள். புதிதாக அழைத்துவரப்பட்ட வேகப்பந்து வீச்சாளர் ஃபிராங்க் டைசன் 160 ரன் கொடுத்து எடுத்தது ஒரே ஒரு விக்கெட். வேலியில் கை மோதி டெனிஸ் காம்ப்டனுக்கு எலும்பு முறிந்தது. இன்னிங்ஸ் மற்றும் 154 ரன்னில் தோல்வி. அன்றைக்கு யாரைக் கேட்டாலும் தொடர் முடிந்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அடுத்த சிட்னி டெஸ்ட்டுக்குள் டைசன் தன் நீண்ட ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டார். ஹட்டன், பெயர்பெற்ற அலெக் பெட்ஸரையே உட்காரவைத்துவிட்டு ஆப்பிள்யார்டு, வார்டில் ஆகிய சுழல் பந்துவீச்சாளர்களைக் கொண்டுவந்தார். சிட்னியில் டைசன் இரு இன்னிங்ஸிலும் சேர்த்து 10 விக்கெட், மெல்போர்னில் ஒரே இன்னிங்ஸில் 27 ரன்னுக்கு 7 விக்கெட். தொடரை இங்கிலாந்து 3-1 என்று வென்றது. பிரிஸ்பேனில் தப்பித் தவறி டிரா செய்திருந்தால் ஹட்டனுக்கு அணியை மாற்றும் துணிச்சல் வந்திருக்குமா? நிரூபிக்க முடியாத கேள்விதான். ஆனால் சிறு தோல்விக்குச் சாக்கு கிடைக்கும்; அடிவாங்கிய தோல்விக்குச் சாக்கு கிடைக்காது. எல்லாரும் மாய்ந்து மாய்ந்து புகழும் 2005 ஆஷஸ்கூட லார்ட்ஸில் இங்கிலாந்து 239 ரன் வித்தியாசத்தில் தோற்றதில்தான் தொடங்கியது. அடுத்த ஆட்டத்தில்தான் அந்த இரண்டு ரன் வெற்றி.

எல்லாவற்றுக்கும் ஆடுகளம்தான் காரணம், உள்ளூர் அணி தனக்கேற்றபடி மண்ணைத் தயார் செய்கிறது, டாஸே ஆட்டத்தை முடிவுசெய்கிறது என்ற ஆட்சேபம் வரும். இதில் பாதி நியாயம் இருக்கிறது. நாட்டிங்ஹாமில் அன்று காலை ஈரமும் புல்லும் பிராட்டுக்குத் துணை நின்றன. ஆனால் அதே நாளில், அதே களத்தில், இங்கிலாந்து 4 விக்கெட்டுக்கு 274 ரன் எடுத்துவிட்டுத்தான் உறங்கப் போனது. ஜோ ரூட் சதம் கடந்து ஆட்டமிழக்காமல் நின்றார். காலைக்கும் மாலைக்கும் வானிலை மாறியிருக்கலாம். 60-க்கும் 274-க்கும் உள்ள தூரத்தை வானிலை ஒன்றே விளக்கிவிடாது. நகரும் பந்தை உடலுக்கு அருகில், தளர்ந்த கையோடு ஆடுவதற்குப் பதிலாக, கையை நீட்டி விறைப்பாகத் தள்ளியவர்கள் வரிசையாக ஸ்லிப்பில் பிடிபட்டார்கள். பிராட்டின் எட்டு விக்கெட்டும் கேட்ச்தான். ஆளுக்கொரு விபத்து என்று அதைச் சொல்ல முடியாது. அந்த அணிக்கு அந்த ஊரில் இருந்த ஒரே பலவீனம் திரும்பத் திரும்ப வெளிப்பட்டது. வேண்டுமென்றே கெடுத்த களத்தைக் கண்டிக்க ஐசிசியிடம் தரமதிப்பீட்டு முறை இருக்கிறது, அதைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும். வெளியூர்க் களத்தில் தடுமாறுவதையே அநியாயம் என்றால், வெளிநாட்டில் வெல்வதற்கு என்ன மதிப்பு மிஞ்சும்?

பணம் பற்றிய ஆட்சேபம் இன்னும் கனமானது. நான்காம், ஐந்தாம் நாளுக்குச் சீட்டு வாங்கியவர், ஒளிபரப்பு உரிமைக்குக் கோடிகளைக் கொட்டியவர், மைதான வாசலில் தின்பண்டம் விற்பவர் எல்லாருக்கும் மூன்றாம் நாள் முடிவு நஷ்டம்தான். 2025 நவம்பரில் பெர்த்தில் ஆஷஸ் டெஸ்ட் இரண்டே நாளில் முடிந்தபோதும் இந்தக் கவலைதான் எழுந்தது. இதற்கு அடிக்கடி முன்வைக்கப்படும் மருந்து நான்கு நாள் டெஸ்ட். அதைச் சோதித்தும் பார்த்தாகிவிட்டது. 2017 டிசம்பரில் போர்ட் எலிசபெத்தில் தென்னாப்பிரிக்காவும் ஜிம்பாப்வேயும் நான்கு நாள் டெஸ்ட் ஆடின. அது இரண்டு நாளில் முடிந்தது, ஜிம்பாப்வே இன்னிங்ஸ் மற்றும் 120 ரன்னில் தோற்றது. சட்டையைச் சிறிதாகத் தைத்தால் உடம்பு இளைக்குமா? நாளைக் குறைத்தால் பலவீனமான அணிக்கு டிரா செய்ய வழி கிடைக்கலாம், அவ்வளவுதான். மழை நாளில் தப்பிப்பதற்குப் பெயர் போட்டி அல்ல. சீக்கிரம் முடிந்த நாளுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவது வாரியங்களின் கடமை. அது கணக்குப் பிரச்சினை, ஆட்டத்தின் பிரச்சினை அல்ல.

ஓர் ஆட்டம் என்ன, தொடர்களே ஒருதலையாக இருந்த காலமும் உண்டே என்று கேட்பவர்களை மறுக்க மாட்டேன். 1989 முதல் 2002-03 வரை நடந்த எட்டு ஆஷஸ் தொடர்களையும் ஆஸ்திரேலியா வென்றது. 2006-07இலும் 2013-14இலும் 5-0. அந்த 5-0களில் முதலாவது, ஆஷஸை இங்கிலாந்து மீட்டெடுத்ததற்கு அடுத்தது. இரண்டாவதோ, இங்கிலாந்து 3-0 என்று வென்ற அதே 2013இல் சில மாதங்கள் கழித்துத் தொடங்கியது. பழைய பகையில் கணக்கு நீளமானது. அதைத் தீர்க்கப் போதுமான ஆட்டங்கள் இருப்பதால்தான் பதினாறு ஆண்டு வறட்சிக்குப் பிறகும் 2005இல் மைதானங்கள் நிரம்பி வழிந்தன.

ஆனால் இந்த நீளம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்பதுதான் என் புகார். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, இந்தியா ஆகிய மூவரும் தங்களுக்குள் நான்கு, ஐந்து டெஸ்ட் ஆடிக்கொள்கிறார்கள். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் விதிகளும் இரண்டு டெஸ்ட் இருந்தாலே தொடர் என்று ஏற்றுக்கொள்கின்றன. இரண்டு டெஸ்ட் தொடரில் முதல் ஆட்டம் ஒருதலையாகிவிட்டால், தோற்ற அணியால் இனி அதிகபட்சம் சமன்தான் செய்ய முடியும். 2020 டிசம்பரில் அடிலெய்டில் இந்தியா 36 ரன்னுக்குச் சுருண்டதை நினைத்துப் பாருங்கள். அடுத்து மெல்போர்னில் ரஹானே சதம் அடிக்க, எட்டு விக்கெட்டில் வெற்றி. அது இரண்டு டெஸ்ட் தொடராக இருந்திருந்தால் அங்கேயே 1-1 என்று பெட்டியைக் கட்டியிருப்பார்கள். சிட்னியில் அஸ்வினும் விஹாரியும் அடிமேல் அடி வாங்கி நின்று காப்பாற்றிய டிராவும் இல்லை, 1988க்குப் பிறகு அதுவரை ஆஸ்திரேலியா தோற்றேயிராத பிரிஸ்பேன் களத்தில் கிடைத்த வெற்றியும் இல்லை. வலைப்பயிற்சியில் பந்துவீசக் கூட்டிச்செல்லப்பட்ட சின்னப்பம்பட்டி நடராஜனும், சென்னையின் வாஷிங்டன் சுந்தரும் அந்த பிரிஸ்பேன் ஆட்டத்தில்தான் டெஸ்ட் தொப்பி அணிந்தார்கள். ஆளுக்கு மூன்று விக்கெட் முதல் இன்னிங்ஸில். 186க்கு 6 விக்கெட் போன நேரத்தில் வந்து ஷர்துல் தாக்கூருடன் 123 ரன் சேர்த்த சுந்தரின் 62 வேறு. அடிலெய்டின் 36 இன்று சிரித்துக்கொண்டே சொல்லும் கதையாக இருப்பதற்குக் காரணம், அதற்குப் பின்னால் மூன்று டெஸ்ட் இருந்ததுதான்.

மூன்றாண்டு கழித்துத் தென்னாப்பிரிக்காவில் அந்த வசதி இல்லை. 2023 டிசம்பரில் செஞ்சூரியனில் இந்தியா இன்னிங்ஸ் மற்றும் 32 ரன்னில் தோற்றது. 2024 ஜனவரி 3, கேப் டவுன். முகமது சிராஜ் 15 ரன்னுக்கு 6 விக்கெட் எடுக்க, தென்னாப்பிரிக்கா 55 ரன்னில் அடங்கியது. பதிலுக்கு ஆடிய இந்தியா 153 ரன்னில் இருந்தபோது ஒரு ரன்கூடச் சேர்க்காமல் கடைசி ஆறு விக்கெட்டையும் பறிகொடுத்தது. மறுநாள் மார்க்ரம் தனியாளாக 106 அடித்தும் போதவில்லை. ஏழு விக்கெட்டில் இந்தியா வென்றது. வீசப்பட்டவை மொத்தம் 642 பந்துகள். முடிவு கண்ட டெஸ்ட்களில் இதைவிடக் குட்டையான ஆட்டம் அதுவரை நடந்ததில்லை. எல்லாரும் களத்தைத் திட்டினார்கள். ஒரு கை இவருக்கு, ஒரு கை அவருக்கு என்று அடி வாங்கிய இரு பலமான அணிகள், சூடு ஆறாமல் 1-1 என்று நின்றன. மூன்றாவது டெஸ்ட் அட்டவணையிலேயே இல்லை.