ஓ-வும் சேராத ரத்தம்

'ஓ வகை ரத்தத்தை யாருக்கு வேண்டுமானாலும் செலுத்தலாம்.' பல வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவக் கட்டுரையைத் தமிழாக்கியபோது நான் எழுதிய வாக்கியம் இது. மூலத்தில் இருந்ததும் அதுதான். இதை நம்பிச் செயல்பட்டால் இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவரின் உயிருக்கே ஆபத்து என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஐரோப்பாவில் 10 லட்சத்தில் ஒருவர்தான் என்பதால், மூல ஆசிரியருக்கு அந்தக் கவலை இருந்திருக்காது.

அந்த ஒருவரின் ரத்தத்துக்குப் பெயர் 'பம்பாய் வகை'. டாக்டர் ஒய்.எம். பேண்டேயும் சகாக்களும் பம்பாயில் கண்டறிந்து 1952இல் 'லான்செட்' இதழில் அறிவித்தார்கள். 1995இல் ஊர் மும்பையாகிவிட்டது. ரத்தம் மட்டும் பம்பாயாகவே நீடிக்கிறது.

நம் உடலில் ஓடும் சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் பாதிக்கு மேல் வைக்கோல் நிறத் திரவம். கலைச்சொல்லாளர்கள் 'குருதி நீர்மம்' என்கிறார்கள். ரத்த வங்கியில் பிளாஸ்மா என்று கேட்டால்தான் கிடைக்கும். மீதி, பெரும்பாலும் சிவப்பணுக்கள். சுமார் 120 நாள் ஆக்சிஜன் சுமந்துவிட்டு மடிகிற இந்த அணுக்களின் மேற்பரப்பில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே 'எச்' என்றொரு சர்க்கரைச் சங்கிலி உண்டு. அதன் நுனியில் ஒரு வகைச் சர்க்கரை ஒட்டினால் ஏ, வேறொன்று ஒட்டினால் பி. எதுவும் ஒட்டாமல் எச் மட்டும் இருந்தால் ஓ. பம்பாய் வகையினருக்கு அந்த எச்சே கிடையாது. ஏ மரபணு இருந்தாலும் ஒட்டிக்கொள்ள இடமில்லை.

ஆகவே அவர்களின் பிளாஸ்மாவுக்கு எச் ஓர் அந்நியன். ஓ ரத்தத்தில் எச் ஏராளம். அதை ஏற்றினால், வந்த சிவப்பணுக்கள் உடைபடும்; சிறுநீரகம் பழுதாகலாம்; உயிரும் போகலாம்.

வேதனை என்னவென்றால், கண்ணாடித் தகட்டில் இரண்டு துளி விட்டுப் பார்க்கும் அவசரச் சோதனையில் இவர்கள் 'ஓ' என்றே தெரிவார்கள். கல்லூரி முகாமில் அப்படிக் குறித்துக்கொடுத்த எழுத்துதான் பலருக்கு ஓட்டுநர் உரிமம்வரை தொடர்கிறது. இவர்களது பிளாஸ்மாவை ஓ வகைச் சிவப்பணுக்களுடன் கலந்து பார்த்தால் கட்டிதட்டிக் குட்டு வெளிப்படும். ரத்தம் ஏற்றுமுன் இருவர் ரத்தத்தையும் பொருத்திப் பார்க்கும் 'கிராஸ் மேட்ச்' சோதனையும் காட்டிக்கொடுக்கும். "ஓ-தானே சார், சீக்கிரம் ஏற்றுங்கள்" என்று உறவினர்கள் பரபரப்பது இந்தச் சோதனை நடக்கும் நேரத்தில்தான்.

இக்குறை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். சொந்தத்தில் மணமுடிக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு அதிகம். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டுகிற நாம் மும்பைக்காரர்களின் பிரச்னை என்று ஒதுக்க முடியாது. அதே காரணத்தால், நோயாளிக்கு ரத்தம் தேடும்போது முதலில் சோதிக்க வேண்டியது கூடப்பிறந்தவர்களை. பெற்றோருக்கு இக்குறை வெளிப்படாத குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. தேதி குறித்த அறுவை சிகிச்சை என்றால் தன் ரத்தத்தையே முன்கூட்டிச் சேமிக்கலாம், ஆனால் குளிர்பெட்டியில் அது தாங்குவது அதிகபட்சம் 42 நாள். விபத்து தேதி சொல்லி வருவதில்லை. அப்போது தொலைபேசியை எடுத்து, ஊர் ஊராகக் கொடையாளர் பட்டியலைத் தேட வேண்டியதுதான்.